ஒரே கல்லூரி அணியின் ஐந்து பேர்: என்பிஏ டிராஃப்டில் யாருக்கு எந்த இடம் என்று கணிப்பது எப்படி?

கல்லூரிக் கூடைப்பந்தைப் புதிதாகப் பார்க்க ஆரம்பிப்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். அணியின் புள்ளிப் பட்டியலை எடுத்து, அதிகம் அடித்தவரை முதலில் எழுதி, அடுத்தவரை இரண்டாவதாக எழுதி, இதுதான் என் டிராஃப்ட் கணிப்பு என்கிறார்கள். (டிராஃப்ட் என்பது அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏவின் அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாக ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி.) 2024-ல் சாம்பியனான யூகானை, அதாவது கனெக்டிகட் பல்கலைக்கழக அணியை, அப்படிக் கணித்திருந்தால் கதை தலைகீழாகியிருக்கும். ஆட்டத்துக்கு 15.1 புள்ளி எடுத்து அணியில் முதலாவதாக இருந்த டிரிஸ்டன் நியூட்டன் 49-வது ஆளாகப் போனார். முதல் ஐந்து பேரிலேயே மிகக் குறைவாக, 11.1 புள்ளி எடுத்த ஸ்டெஃபான் காசல் 4-வது ஆளாகப் போனார், அடுத்த வருடம் என்பிஏவின் சிறந்த புதுமுகம் விருதையும் வாங்கினார்.

ஒரே அணி, ஒரே கோச், ஒரே எதிரணிகள், ஆனாலும் இவ்வளவு வித்தியாசம். ஒரே அணியில் ஆடுபவர்களை ஒப்பிடுவது சுலபம் என்று தோன்றும், உண்மையில் அதுதான் கஷ்டம். ஒருவருடைய எண்களில் பக்கத்தில் ஆடுபவரின் உழைப்பும் கலந்திருக்கும். எது அவருடையது, எது அணி அவருக்குக் கொடுத்தது என்று பிரித்தெடுப்பதுதான் நம் வேலை. நான் வருடாவருடம் நோட்டுப் போட்டுச் செய்கிற வரிசையை அப்படியே கீழே தருகிறேன். இந்த வரிசையை மாற்றாதீர்கள், ஏன் என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

தொடங்கும் முன் கையில் வேண்டியவை

ஒரு நோட்டு அல்லது எக்செல் ஷீட். அணியின் முழுப் பெயர்ப் பட்டியல், அதாவது பெஞ்சில் இருப்பவர்கள் உட்பட. ஒவ்வொருவரின் பிறந்த தேதி. அந்த சீசனின் முழு எண்கள். முழு நீளமாகப் பார்க்க மூன்று ஆட்டங்கள். ஹைலைட்ஸ் வீடியோ வேண்டாம், அதில் விழுந்த ஷாட் மட்டும்தான் இருக்கும், தவறவிட்டது ஒன்றுகூட இருக்காது.

அடிப்படை விதிகளும் தெரிந்திருக்க வேண்டும். டிராஃப்டில் இரண்டு சுற்று, சுற்றுக்கு 30 இடம். விதிமீறலுக்காக ஓர் அணியின் இடத்தைப் பறித்தால் எண்ணிக்கை குறையும், 2024-ல் மொத்தம் 58 இடம்தான் இருந்தது. அமெரிக்கப் பையன் ஒருவர் டிராஃப்டுக்கு வர அந்த வருடத்துக்குள் 19 வயது ஆகியிருக்க வேண்டும், பள்ளி முடித்து ஒரு வருடமும் போயிருக்க வேண்டும். முதல் சுற்றில் எடுக்கப்பட்டவருக்கு இரண்டு வருடச் சம்பளம் உறுதி, மூன்றாவது நான்காவது வருடம் அணியின் விருப்பம். இரண்டாம் சுற்றில் அந்த உறுதி கிடையாது. 8-வது படிக்கு வரும்போது இந்த வித்தியாசம் ஏன் முக்கியம் என்று புரியும்.

1. எந்தக் கேள்விக்குப் பதில் தேடுகிறீர்கள் என்று முதலில் எழுதுங்கள்

இங்கே இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இவரை எத்தனையாவது இடத்தில் எடுப்பார்கள்? இவர் என்பிஏவில் எவ்வளவு நன்றாக ஆடுவார்? இரண்டும் வேறு வேறு.

வில்லனோவா 2018-ஐப் பாருங்கள். அந்த அணியிலிருந்து மிகல் பிரிட்ஜஸ் 10, டான்டே டிவின்சென்சோ 17, ஒமாரி ஸ்பெல்மன் 30, ஜேலன் பிரன்சன் 33 என்று நான்கு பேர் போனார்கள். அந்த வருடம் நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர் என்று பேர் வாங்கிய பிரன்சன்தான் அந்த நால்வரில் கடைசி. இன்று அவர்களில் உச்சத்தில் இருப்பவரும் அவரேதான். "பிரன்சன் இரண்டாம் சுற்றுக்குப் போவார்" என்று கணித்தவருக்கும், "இவர்களில் பிரன்சன்தான் பெரிய ஆளாக வருவார்" என்று கணித்தவருக்கும், இரண்டு பேருக்குமே கணிப்பு பலித்தது.

அதனால் ஷீட்டில் இரண்டு நெடுவரிசை போடுங்கள்: "எடுக்கப்படும் இடம்", "என் மதிப்பு". இரண்டையும் கலந்தால் அணிகள் என்ன நினைக்கின்றன என்பதும் நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்பதும் குழம்பி, கடைசியில் எதில் தவறினோம் என்றே கண்டுபிடிக்க முடியாமல் போகும்.

2. பெயருக்குப் பக்கத்தில் வயது, புள்ளி அப்புறம்

எண்களைத் திறப்பதற்கு முன்னாலேயே டிராஃப்ட் நாளில் ஒவ்வொருவருக்கும் என்ன வயது என்று கணக்குப் போட்டு எழுதிவிடுங்கள். "ஃப்ரெஷ்மன்" (முதல் வருட மாணவர்), "சீனியர்" (கடைசி வருட மாணவர்) என்று எழுதினால் போதாது, ஒரே வகுப்பில் ஒன்றரை வயது வித்தியாசம்கூட இருக்கும்.

யூகானுக்கு இப்படி வரும்: காசல் 19, டோனவன் கிளிங்கன் 20, நியூட்டன் 23, கேம் ஸ்பென்சர் 24. இந்த நாலு எண்ணை மட்டும் பார்த்தாலே டிராஃப்ட் வரிசை பாதி தெரிந்துவிடுகிறது, அவர்கள் போன இடங்கள் முறையே 4, 7, 49, 53.

காரணம் எளிது. 23 வயது ஆள் 18, 19 வயதுப் பையன்களோடு மோதி 15 புள்ளி எடுக்கிறார். உடம்பு முதிர்ந்துவிட்டது, அனுபவம் இருக்கிறது, இனி பெரிதாக மாறுவதற்கு இடம் குறைவு என்று அணிகள் நினைக்கின்றன. 19 வயதுப் பையன் அதே மைதானத்தில் 11 எடுத்தால், 23 வயதில் எங்கே இருப்பார் என்று கணக்குப் போடுகின்றன.

வயதை ஏன் முதலில் எழுதச் சொல்கிறேன்? புள்ளியைப் பார்த்த கண்ணுக்கு அப்புறம் வயது ஒரு சின்னக் குறிப்பாகத்தான் தெரியும். என்னோடு சேர்ந்து ஆட்டம் பார்க்கும் தம்பி ஒருவர் 2024 மார்ச்சில் நியூட்டனை முதல் 20-க்குள் எழுதிக் கொண்டுவந்தார், ஷீட்டில் வயதுக்கு இடமே இல்லை. வயதைச் சேர்த்து மறுபடி எழுதச் சொன்னேன். அவரே நியூட்டனை இரண்டாம் சுற்றுக்கு இறக்கிவிட்டார், நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வயதை மட்டும் நம்புவதும் தவறுதான். 2020-ல் புளோரிடா ஸ்டேட் அணியிலிருந்து பெஞ்சில் இருந்து இறங்கி ஆடிய பாட்ரிக் வில்லியம்ஸ் 4-வதாகப் போனார், அதே அணியின் டெவின் வாசெல் 11-வதாகப் போனார். வில்லியம்ஸ் ஒரு வயது இளையவர், உடம்பும் பெரியது. ஆனால் என்பிஏவில் அதிகப் புள்ளி எடுப்பவராக வளர்ந்தது வாசெல்.

3. அளந்த உடம்பை எழுதுங்கள், விளம்பரப்படுத்திய உடம்பை அல்ல

கல்லூரி வெளியிடும் உயரத்தை நம்பாதீர்கள். 2025-ல் ரட்கர்ஸ் அணியின் ஏஸ் பெய்லியை சீசன் முழுக்க 6 அடி 10 அங்குலம் என்றுதான் போட்டார்கள். மே மாதம் கம்பைனில், அதாவது டிராஃப்டுக்கு முன் ஆட்டக்காரர்களை அளந்து சோதிக்கும் முகாமில், ஷூ இல்லாமல் அளந்தபோது 6 அடி ஏழரை அங்குலம். 6 அடி 10-க்கு அந்த லாவகம் அபூர்வம், 6 அடி ஏழரைக்கு அவ்வளவு அபூர்வமில்லை.

உயரத்தைவிட இரண்டு கையையும் விரித்த நீளம் முக்கியம், அதைவிட நின்றபடி கையைத் தூக்கினால் எட்டும் உயரம் முக்கியம், குறிப்பாக சென்டருக்கு, அதாவது வளையத்தடியில் ஆடும் உயரமான ஆளுக்கு. கிளிங்கனுக்குக் கை விரித்த நீளம் 7 அடி 6 அங்குலத்துக்கும் மேல். இவர் துள்ளாமலே வளையத்தை அடைத்துவிடுவார்.

அளவு வெளிவராதவர்களுக்கு "தெரியாது" என்றே எழுதி வையுங்கள். டிவியில் பக்கத்தில் நின்றவரோடு ஒப்பிட்டு நீங்களே ஒரு எண்ணைப் போட்டால், இரண்டு வாரத்தில் அது உண்மை என்று உங்களுக்கே தோன்ற ஆரம்பித்துவிடும்.

4. என்பிஏவில் இவருக்கு என்ன வேலை என்று ஒரு வரியில் எழுதுங்கள்

இதைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். கல்லூரியில் என்ன செய்தார் என்பதை விட்டுவிட்டு, என்பிஏவில் ஒரு அணி இவரை எதற்கு இறக்கும் என்று ஒரே வாக்கியம் எழுதுங்கள். "பெரிய உடம்புள்ள கார்டு, எதிரணியின் முதன்மை ஆளை மறிப்பார், பந்தையும் கையாளுவார்" என்பது காசல் (கார்டு என்றால் வெளியே நின்று பந்தை நடத்துபவர்). "வளையத்தைக் காக்கும் சென்டர்" என்பது கிளிங்கன். "ஓடிக்கொண்டே த்ரீ போடுபவர்" என்பது ஸ்பென்சர் (த்ரீ என்பது வளைகோட்டுக்கு வெளியிலிருந்து போடும் மூன்று புள்ளி ஷாட்).

நியூட்டனுக்கு எழுத உட்கார்ந்தால் பேனா நிற்கிறது. யூகானில் பந்து பெரும்பாலும் அவர் கையில். ஆட்டத்துக்கு 6.6 ரீபவுண்ட் (தவறிய ஷாட்டைப் பிடிப்பது), 6.2 அசிஸ்ட் (கூட்டாளி புள்ளி எடுக்க உதவும் பாஸ்), 2024 இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் விருது. ஆனால் என்பிஏ அணிகளில் பந்தைக் கையில் வைத்திருக்கும் வேலைக்கு அந்த அணியின் நட்சத்திரம் ஏற்கெனவே இருப்பார். பந்து கையில் இல்லாதபோது இவர் என்ன தருவார்? அதற்குத் தெளிவான பதில் கிடைக்காததால்தான் 49.

ஒரு வரியில் எழுத முடியாவிட்டால் அந்த ஆட்டக்காரர் மோசம் என்று அர்த்தமில்லை. அவருக்கு இடம் கிடைப்பது கஷ்டம் என்று அர்த்தம். கல்லூரியின் நட்சத்திரங்கள் இரண்டாம் சுற்றில் விழுவது பெரும்பாலும் இந்தக் காரணத்தால்தான்.

5. இப்போது எண்களைத் திறக்கலாம்

இந்தப் படியில் நான்கு விஷயங்களை மட்டும் பார்த்தால் போதும், அதுவும் கீழே உள்ள வரிசையில்.

முதலில் நிமிடம். கென்டக்கி 2015-ல் திறமைசாலிகள் அளவுக்கு அதிகமாக இருந்தார்கள், கோச் ஆட்களைக் கூட்டமாக மாற்றி மாற்றி இறக்கினார். கார்ல்-ஆந்தனி டவுன்ஸுக்கு ஆட்டத்துக்கு 21.1 நிமிடம், 10.3 புள்ளி. ஒரு ஆட்டத்தில்கூட முதல் ஐந்தில் இறங்காத டெவின் புக்கருக்கு 21.5 நிமிடம், 10 புள்ளி. கல்லூரி ஆட்டம் 40 நிமிடம் என்பதால் எல்லோரையும் 40 நிமிடத்துக்கு மாற்றிப் பாருங்கள். டவுன்ஸ் 19.5, புக்கர் 18.6. அந்த அணியில் 11 புள்ளியோடு முதலிடத்தில் இருந்தவர் ஏரன் ஹாரிசன், ஆனால் அவருக்கு 25 நிமிடத்துக்கு மேல் கிடைத்தது. டவுன்ஸ் முதல் ஆளாகவும் புக்கர் 13-வதாகவும் போனார்கள், ஹாரிசனை யாரும் எடுக்கவில்லை.

நிமிடம் ஏன் குறைவு என்பதையும் கேட்க வேண்டும். அணியில் கூட்டம் அதிகம் என்றால் பரவாயில்லை. ஃபவுல் வாங்கி வாங்கி வெளியே உட்கார்ந்தார், மூச்சு வாங்குகிறது, காயம் என்றால் 40 நிமிடக் கணக்கு பொய் சொல்லும். கிளிங்கன் சராசரியாக 22 நிமிடம் சொச்சம்தான் ஆடினார், 40-க்கு மாற்றினால் 23 புள்ளி வரும். ஆனால் அவர் அந்த சீசனில் பாதத்தில் அடிபட்டு வெளியே இருந்தவர். அந்த உடம்போடு 35 நிமிடம் ஓடுவாரா என்பது தனிக் கேள்வி, அதைத் தனியாக எழுதி வைக்க வேண்டும்.

இரண்டாவது, பங்கு. மைதானத்தில் இருக்கும் ஐந்து பேரும் சேர்ந்தால் 100 சதவீதம், ஆகவே சராசரி 20. ஒருவர் அணியின் தாக்குதல்களில் 28 சதவீதத்தைத் தன் கையில் முடிக்கிறார் என்றால் இன்னொருவருக்கு 14-தான் மிஞ்சும். 14-ல் இருப்பவரின் ஷாட் சதவீதம் அழகாகத்தான் இருக்கும், எளிய ஷாட்டுகள் மட்டும்தானே அவரிடம் வருகின்றன. 28-ல் இருப்பவர் நேரம் முடியும்போது கையில் வந்து விழும் கஷ்டமான ஷாட்டையும் போட்டாக வேண்டும். இரண்டு பேரின் சதவீதத்தை நேருக்கு நேர் வைத்து "இவன் நல்ல ஷூட்டர்" என்று முடிவு கட்டாதீர்கள்.

மூன்றாவது, ஃப்ரீ த்ரோ, அதாவது எதிரணி ஃபவுல் செய்தால் கிடைக்கும் தனி ஷாட். எல்லோருக்கும் ஒரே தூரம், எதிரில் மறிப்பவர் இல்லை, பாஸ் கொடுத்த ஆளின் தயவும் இல்லை. அணியின் கலப்பே இல்லாத ஒரே ஷூட்டிங் எண் இதுதான், அதனால்தான் ஒரே அணிக்காரர்களை ஒப்பிடும்போது எனக்கு இது தங்கம். கென்டக்கி 2020-ல் டைரீஸ் மாக்ஸி த்ரீ பாயிண்டில் 29.2 சதவீதம்தான், 21-வது இடம் வரை இறங்கினார். ஆனால் ஃப்ரீ த்ரோ 83.3. அவர் போட்ட த்ரீ மொத்தமே நூற்றுச் சொச்சம், இன்னும் ஐந்து பந்து விழுந்திருந்தால் 33-ஐத் தாண்டியிருக்கும். என்பிஏவில் அவர் நல்ல ஷூட்டராகிவிட்டார். த்ரீ சதவீதம் குறைவு, ஃப்ரீ த்ரோ நன்றாக இருக்கிறது என்றால் நம்பிக்கை வைக்கலாம். இரண்டுமே மோசம் என்றால் கவலைப்படுங்கள். காசலுக்கு 26.7-ம் 75.5-ம், அதாவது நடுவில்.

தூரத்தையும் மறக்கக் கூடாது. கல்லூரிக் கோடு 22 அடி 1¾ அங்குலம், என்பிஏ கோடு நடுவில் 23 அடி 9 அங்குலம். கல்லூரியில் கோட்டை மிதித்துக்கொண்டு போடுபவர், கோட்டுக்கு இரண்டடி பின்னால் நின்று போடுபவர் என்று இரண்டு வகை உண்டு. பெட்டிக் கணக்கில், அதாவது ஆட்டத்தின் புள்ளிவிவரப் பட்டியலில், இரண்டும் ஒன்றுதான். வீடியோவில்தான் வித்தியாசம் தெரியும்.

நான்காவது, ஸ்டீல் (பந்தைப் பறிப்பது), பிளாக் (ஷாட்டைத் தடுப்பது), அசிஸ்டுக்கும் டர்ன்ஓவருக்கும் (பந்தைப் பறிகொடுப்பது) உள்ள விகிதம். ஒரு பார்வை போதும்.

6. மூன்று ஆட்டம், இரண்டு தடவை

எந்த மூன்று? சுலபமாக ஜெயித்த ஒன்று, பலமான அணியோடு மோதிய ஒன்று, அணியின் முக்கிய ஆள் ஒருவர் இல்லாமல் ஆடிய ஒன்று. மூன்றாவது எல்லா அணிக்கும் கிடைக்காது, கிடைத்தால் விடாதீர்கள்.

முதல் தடவை சும்மா ஆட்டமாகப் பாருங்கள். இரண்டாவது தடவை பந்தைப் பார்க்கவே கூடாது, ஒரே ஆளை மட்டும் பாருங்கள். நான் பத்துப் பத்துத் தாக்குதலாக எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதுவேன். காசல் பற்றி என் நோட்டில் இருக்கும் ஒரு பக்கம் இப்படிப் போகிறது: மூலையில் நிற்கிறார், அவரை மறிக்க வேண்டியவர் இவர் த்ரீ போடமாட்டார் என்ற தைரியத்தில் நாலடி உள்ளே தள்ளி நிற்கிறார். அடுத்த தடவையும் அப்படியே. மூன்றாவது தடவை அந்த ஆள் பந்துப் பக்கம் தலையைத் திருப்பிய நொடியில் காசல் முதுகுக்குப் பின்னால் வளையத்துக்கு வெட்டி ஓடுகிறார், பாஸ் வரவில்லை. நாலாவது தடவையும் ஓடுகிறார். பாஸ் வராவிட்டாலும் திரும்பவும் ஓடுவது எந்தப் பெட்டிக் கணக்கிலும் ஏறாது, எனக்கு அந்தப் பையன் மேல் நம்பிக்கை வந்தது அங்கேதான்.

டிஃபென்ஸுக்கும் இதே முறைதான், ஆனால் அணியின் திட்டம் என்ன என்று முதலில் கண்டுபிடித்துவிட்டுத்தான் மதிப்பெண் போட வேண்டும். 2024 இறுதி ஆட்டத்தில் பர்டூவின் ஸாக் ஈடி 37 புள்ளி எடுத்தார். எண்ணை மட்டும் பார்த்தவர் கிளிங்கன் சொதப்பினார் என்பார். நடந்தது வேறு. ஈடியை கிளிங்கனிடம் தனியாக விட்டுவிட்டு, மற்ற நாலு பேரும் பர்டூ ஷூட்டர்களை விட்டு நகராமல் ஒட்டிக்கொண்டார்கள். பர்டூ மொத்த ஆட்டத்திலும் த்ரீ போட்டதே ஏழு, விழுந்தது ஒன்று. யூகான் 75-60 என்று ஜெயித்தது. அதற்கு முன் இல்லினாயோடு நடந்த ஆட்டத்தில் கிளிங்கன் கை நீட்டி மறித்த 19 ஷாட்டுகளில் ஒன்றுகூட விழவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அவர் யார் என்று புரியும்.

7. யார் யாரிடம் கடன் வாங்குகிறார்?

மற்ற படிகள் ஒரு தனி ஆளைக் கணிக்கவும் வேண்டும். இந்தப் படி ஒரே அணிக்காரர்களுக்கென்றே உள்ளது, இதை அவசரமாகச் செய்யாதீர்கள்.

ஒவ்வொருவர் பெயருக்குக் கீழும் இரண்டு வரி எழுதுங்கள். "பக்கத்தில் இருப்பவர் இவருக்கு என்ன கொடுக்கிறார்?" "இவர் பக்கத்தில் இருப்பவருக்கு என்ன கொடுக்கிறார்?"

ஸ்பென்சர் 44 சதவீதம் த்ரீ போட்டார். அதில் பாதி யூகானின் ஓட்டமும் ஸ்கிரீனும் (மறிப்பவரின் வழியில் கூட்டாளி நின்று தடுப்பது) கொடுத்தது என்று சொல்லலாம். ஆனால் ஃப்ரீ த்ரோவில் 91 சதவீதம், ஆக கை அவருடையதுதான், இடம்தான் அணி கொடுத்தது. கிளிங்கன் பின்னால் நிற்கிறார் என்ற தைரியத்தில் கார்டுகள் எதிராளியை நெஞ்சோடு நெஞ்சாக நெருக்கினார்கள், தாண்டிப் போனால் பின்னால் சுவர் இருக்கிறதே. ஆகவே கார்டுகளின் டிஃபென்ஸில் கொஞ்சம் கழிக்க வேண்டும். காசலுக்கும் கழித்தேன், கழித்த பிறகும் அவர் மேலே நின்றார், அவரால் கால் எடுத்து வைத்தே எதிராளியின் பாதையை அடைக்க முடிகிறது.

மறுபக்கம், காசலிடமிருந்து அணி எடுத்துக்கொண்டதும் உண்டு. பந்து நியூட்டனிடம் இருந்ததால் காசலுக்குப் பந்தை நடத்தும் வாய்ப்பே குறைந்தது, 2.9 அசிஸ்ட்தான். அந்த எண்ணைப் பார்த்து "இவருக்குப் பாஸ் வராது" என்று எழுதியவர்கள் வாய்ப்பில்லாததைத் திறமையில்லாதது என்று எடுத்துக்கொண்டார்கள். புக்கருக்கும் கென்டக்கியில் நடந்தது இதுதான். மூலையில் நின்று த்ரீ போடும் பையன் என்று பேர் வந்தது, அவர் கையில் பந்தைக் கொடுத்துப் பார்த்தவர் அங்கே இல்லை.

முக்கிய ஆள் இல்லாத ஆட்டம் இந்தப் படிக்குத்தான் தேவை. டியூக்கின் ஸயன் வில்லியம்சன் 2019 பிப்ரவரி 20 அன்று நார்த் கரோலினா ஆட்டம் தொடங்கிய முதல் நிமிடத்திலேயே முழங்காலில் அடிபட்டு வெளியே போனார். அன்று ஆர்ஜே பாரெட் 33, கேம் ரெடிஷ் 27 எடுத்தார்கள், அணி தோற்றது. அந்த ஆட்டத்தையும் சேர்த்து அவர் இல்லாத ஆறில் டியூக் மூன்றில் தோற்றது. புள்ளியை மற்றவர்கள் ஈடு கட்டினார்கள், ஸயன் கொடுத்த மற்றதை யாராலும் ஈடு கட்ட முடியவில்லை. டிராஃப்டில் ஸயன் 1, பாரெட் 3, ரெடிஷ் 10.

அணி தோற்றுக்கொண்டே இருந்தால்? அப்போதும் இதே கேள்விதான். ரட்கர்ஸ் 2025-ல் 15 ஜெயித்து 17-ல் தோற்றது, ஆனாலும் டிலன் ஹார்ப்பர் 2-வதாகவும் பெய்லி 5-வதாகவும் போனார்கள். அணியின் தோல்வியை ஆட்டக்காரர் தலையில் கட்டாதீர்கள். கோப்பை வாங்கிய அணிக்காரருக்குக் கூடுதல் மதிப்பெண் போடுவதும் அதே தவறின் மறுபக்கம்.

விதி வித்தியாசமும் ஒருவகைக் கடன்தான். கல்லூரியில் சென்டர் வளையத்தடியில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காவல் நிற்கலாம். என்பிஏவில் யாரையும் மறிக்காமல் வளையத்துக்கு முன்னால் உள்ள கட்டத்துக்குள் மூன்று வினாடிக்கு மேல் நின்றால் தவறு. பிளாக் எண்ணிக்கை பெரிதாக இருக்கும் எந்த சென்டரையும் அவர் வெளியே வந்து மறித்த தாக்குதல்களை மட்டும் எடுத்து இன்னொரு முறை பாருங்கள்.

8. மே மாதத்துக்குக் காத்திருங்கள்

சிகாகோவில் கம்பைன் நடக்கும், அளவுகள் வரும். 3-வது படியில் "தெரியாது" என்று எழுதிய இடங்களை நிரப்புங்கள். குதிக்கும் உயரம், ஓட்ட வேகம் எல்லாம் வரும், அவற்றுக்காக வரிசையைப் புரட்டிப் போட வேண்டாம்.

அடுத்தது, யார் கல்லூரிக்குத் திரும்புகிறார்கள் என்பது. கம்பைன் முடிந்து பத்து நாளுக்குள் பெயரைத் திரும்பப் பெற்றால்தான் கல்லூரியில் ஆட முடியும். யூகானின் ஐந்தாமவர் அலெக்ஸ் காரபன் 2024-ல் அப்படித்தான் திரும்பினார். கல்லூரி ஆட்டக்காரர்கள் 2021-லிருந்து தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கலாம், 2025-லிருந்து கல்லூரிகளே நேரடியாகப் பணம் தரலாம். இரண்டாம் சுற்றில் உறுதியில்லாத சம்பளத்துக்குப் போவதைவிடக் கல்லூரியில் இன்னொரு வருடம் இருப்பது லாபம் என்ற நிலை பலருக்கு வந்துவிட்டது. 35-லிருந்து 60 வரை நீங்கள் எழுதும் பெயர்களில் நிறையப் பேர் பட்டியலிலேயே இருக்கமாட்டார்கள், அதனால் இந்தத் தேதிக்கு முன் அந்தப் பகுதியை எழுதி நேரத்தை வீணாக்காதீர்கள்.

9. எண் போடாதீர்கள், அடுக்குப் போடுங்கள்

முதல் ஐந்து, லாட்டரி எனப்படும் முதல் 14, முதல் சுற்றின் மீதி, இரண்டாம் சுற்று, எடுக்கப்படமாட்டார் என்று ஐந்து அடுக்கு. எந்த அணிக்கு எந்த இடத்தில் ஆள் தேவை என்பது நமக்குக் கடைசி நாள்வரை முழுதாகத் தெரியாது, 11-க்கும் 13-க்கும் நடுவில் இருப்பது பெரும்பாலும் அந்தத் தேவைதான்.

ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில், "இது நடந்தால் என் கணிப்பு தப்பு" என்று ஒரு வரி. காசலுக்கு என் வரி: "த்ரீ விழாமல் எதிரணிகள் அவரை விட்டுவிட்டு உள்ளே கூட்டம் போட்டால்." பிரன்சனுக்கு 2018-ல் நான் எழுதியது, "இந்த உயரத்தில், 6 அடி 2 அங்குலத்தை ஒட்டி, உள்ளே போய் ஷாட் முடிக்க முடிந்தால்." முடிந்தது. அந்த வரி இருந்ததால்தான் எங்கே தவறினேன் என்று தெரிந்தது: உயரத்தைப் பார்த்தேனே ஒழிய, கால் வைப்பும் எதிராளியை முதுகில் தாங்கிக்கொண்டு நிறுத்தி நிதானமாக முடிக்கும் பலமும் அவரிடம் இருந்ததற்கு மதிப்பெண் போடவில்லை.

புதியவர்கள் இந்தக் கட்டத்தில் செய்வது இரண்டு. மார்ச் மாத நாக் அவுட் ஆட்டம் ஒன்றில் ஒருவர் வெளுத்து வாங்கியதும் அவரை இரண்டு அடுக்கு ஏற்றுவது. டிவின்சென்சோ 2018 இறுதியில் 31 புள்ளி எடுத்தார், அது உண்மையிலேயே அவரை மேலே கொண்டுபோனது. ஆனால் கம்பைனில் அவர் 42 அங்குலம் குதித்ததும் சேர்ந்தே நடந்தது. ஒரே ஆட்டத்துக்கு ஒரு அடுக்குக்கு மேல் ஏற்றாதீர்கள். இரண்டாவது, மற்றவர்களின் கணிப்புப் பட்டியலைப் பார்த்துத் தன்னுடையதைத் திருத்துவது. 9-வது படி முடியும்வரை வேறு யாருடைய பட்டியலையும் திறக்காதீர்கள். முடித்த பிறகு திறந்து, எங்கே பெரிதாக மாறுபடுகிறதோ அந்த ஆளை மட்டும் 6-வது படியிலிருந்து மறுபடி பாருங்கள். மாறுபாடு இருக்கிறது என்பதற்காகவே மாற்றக் கூடாது, புதிதாக எதையாவது பார்த்தால்தான் மாற்ற வேண்டும்.

10. ஷீட்டைப் பூட்டி வையுங்கள், இரண்டு முறை திறங்கள்

டிராஃப்ட் நாளுக்கு முந்தின இரவு தேதி போட்டு சேமித்துவிடுங்கள், அதற்குப் பிறகு ஒரு எழுத்தும் மாறக் கூடாது.

முதல் முறை டிராஃப்ட் முடிந்த வாரம் திறந்து, "எடுக்கப்படும் இடம்" நெடுவரிசையை மட்டும் சரிபாருங்கள். இரண்டாவது முறை மூன்று வருடம் கழித்து, "என் மதிப்பு" நெடுவரிசையை. ஒரே வருடத்தில் பார்த்தால் நிமிடம் கிடைக்காத நல்ல ஆட்டக்காரர்களைத் தப்பாகக் கழித்துவிடுவீர்கள். சரிபார்க்கும்போது பெயருக்குப் பெயர் பார்க்காமல், தவறு எந்தப் படியில் நடந்தது என்று பாருங்கள். என்னுடையது வருடாவருடம் 7-வது படியில்தான் விழுகிறது, நல்ல அணியில் பந்து கிடைக்காமல் நின்ற பையன்களைக் குறைத்தே எழுதுகிறேன். அதனால் இப்போதெல்லாம் எந்த அணியை எடுத்தாலும் அதிகம் அடித்தவரை விட்டுவிட்டு, அந்த அணியில் வயதில் மிகச் சிறியவரின் பத்துத் தாக்குதலைத்தான் முதலில் பார்க்கிறேன்.